அமெரிக்காவில் ஃப்ளூ மாத்திரைக்கு எவ்வளவு ஆகும்? இன்சூரன்ஸ் இருந்தால் என்ன செய்வது, இல்லாவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ என்று டெஸ்ட்டில் தெரிந்து, டாக்டர் டாமிஃப்ளூ எழுதியிருக்கிறார். பார்மசியில் நூறு டாலருக்கு மேல் சொல்கிறார்கள். எங்கள் பிளானில் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் ஒவ்வொரு வருடமும் நாங்களே கட்ட வேண்டிய தொகை, இன்னும் முடியவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும் தொற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவர்களுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் மட்டும்தான். செலவைக் குறைக்க என்ன வழி?

பதில்:

கவுன்ட்டரில் முதலில் சொல்லும் விலைக்கு உடனே கார்டை நீட்டிவிடாதீர்கள். அதற்காக விலை விசாரிப்பதிலேயே இரண்டு நாளைக் கடத்திவிடவும் கூடாது. காய்ச்சலும் உடம்புவலியும் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் இந்த மருந்தால் முழுப் பலன். கீழே சொல்லியிருப்பவற்றில் பெரும்பாலானவை அரை மணி நேரத்தில் போனிலேயே முடிந்துவிடும்.

முதலில் கேட்க வேண்டியது, அந்த விலை பிராண்டுக்கா, ஜெனரிக்குக்கா என்பது. டாமிஃப்ளூ என்பது பிராண்ட் பெயர். மருந்தின் பெயர் ஒசெல்டமிவிர். 2016 முதல் இதற்கு ஜெனரிக், அதாவது வேறு கம்பெனிகள் அதே மருந்தைப் பிராண்ட் பெயர் இல்லாமல் செய்து விற்பது, கிடைக்கிறது. டாக்டர்கள் பழக்கத்தில் டாமிஃப்ளூ என்றே சொல்வார்கள், எழுதுவார்கள். பிராண்டையே கொடுக்க வேண்டும் என்று சீட்டில் குறிக்காதவரை பார்மசி பொதுவாக ஜெனரிக்கைத்தான் எடுத்துத் தரும். ஜெனரிக் ஸ்டாக் இல்லாத நாளில் பிராண்டை எடுத்து வைத்துவிட்டு அதன் விலையைச் சொல்வதும் நடக்கும். வேலை செய்வதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, விலையில் நிறைய உண்டு.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மில்லிகிராம் கேப்ஸ்யூல், காலை ஒன்று இரவு ஒன்று, ஐந்து நாள். ஆக மொத்தம் 10 கேப்ஸ்யூல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு குறையும், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்தப் பத்து ஜெனரிக் கேப்ஸ்யூலுக்குப் பெரிய செயின் பார்மசிகளில் இன்சூரன்ஸ் இல்லாத விலை நூறு டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதே கடையில் குட்ஆர்எக்ஸ், சிங்கிள்கேர் போன்ற இலவசத் தள்ளுபடி கூப்பனைக் காட்டினால் பல ஊர்களில் 20 முதல் 50 டாலருக்குள் முடிந்துவிடுகிறது. கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் மாறும். ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பார்மசிகளில் இரட்டிப்பு வித்தியாசம் இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

கூப்பனில் எங்கே பிசகுகிறது என்று தெரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம். கூப்பன் தளத்தில் மருந்தின் பெயரைப் போட்டதும் ஏதோ ஒரு வடிவத்துக்கும் அளவுக்கும் விலை காட்டும். உங்கள் சீட்டில் இருப்பதைப் பார்த்து, கேப்ஸ்யூலா சிரப்பா, எத்தனை மில்லிகிராம், எத்தனை எண்ணிக்கை என்ற மூன்றையும் நீங்களே மாற்றிப் பார்க்க வேண்டும். விலை அந்தந்தக் கடைக்கானது என்பதையும் கவனியுங்கள். கூப்பனில் பின் (BIN), பிசிஎன் (PCN), குரூப், மெம்பர் என்று நான்கு எண்கள் இருக்கும். இன்சூரன்ஸ் கார்டில் இருப்பதைப் போலவேதான். பார்மசி அதை இன்னொரு இன்சூரன்ஸ் மாதிரி கம்ப்யூட்டரில் ஏற்றும். அதனால்தான் இன்சூரன்ஸையும் கூப்பனையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது. இரண்டில் ஒன்றுதான். ஏற்கெனவே இன்சூரன்ஸில் ஏற்றியிருந்தால் "அந்த கிளெய்மை ரத்து செய்துவிட்டு இதைப் போடுங்கள்" என்று கேளுங்கள். அவர்களுக்கு இது தினசரி வேலை, கூச்சப்பட ஒன்றுமில்லை.

"இன்சூரன்ஸ் இல்லாமல் வாங்கினால் குறையுமா?" என்று பார்மசிஸ்டிடம் நேராகவே கேட்கலாம். முன்பு சில ஒப்பந்தங்கள் பார்மசிஸ்ட் தானாக இதைச் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டி வைத்திருந்தன. 2018 அக்டோபரில் வந்த இரண்டு கூட்டாட்சிச் சட்டங்கள் அந்தத் தடையை நீக்கின. ஆனாலும் வரிசையில் இருபது பேர் நிற்கும் ஃப்ளூ சீசனில் அவர்களாக ஞாபகம் வைத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நாம்தான் கேட்க வேண்டும்.

இனி உங்கள் டிடக்டிபிள் விஷயம். எச்எஸ்ஏ-வுடன் (மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் பணம் சேர்க்கும் கணக்கு) வரும் ஹை டிடக்டிபிள் பிளானில், 2026 கணக்குப்படி தனிநபருக்குக் குறைந்தது 1,700 டாலர், குடும்பத்துக்கு 3,400 டாலர் வரை நீங்களே கட்டிய பிறகுதான் பிளான் இந்த மாத்திரைக்குக் கைகொடுக்கும். அதுவரை இன்சூரன்ஸ் கம்பெனி பேசி வைத்திருக்கும் விலை முழுவதையும் நீங்கள்தான் கட்ட வேண்டும், அது கூப்பன் விலையைவிட அதிகமாகவும் இருக்கலாம். ஃப்ளூ சீசன் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உச்சத்தில் இருக்கும். பெரும்பாலான பிளான்களில் டிடக்டிபிள் ஜனவரி 1 அன்று மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே டிசம்பரில் டிடக்டிபிள் முடிந்திருந்தால் இன்சூரன்ஸில் போடுவதுதான் லாபம். அதே மாத்திரையை ஜனவரியில் வாங்கினால் கூப்பன் மலிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. கூப்பனில் கட்டிய பணம் பொதுவாக டிடக்டிபிளில் சேராது. இந்த வருடம் பிரசவமோ அறுவை சிகிச்சையோ இருக்கிறது, டிடக்டிபிள் எப்படியும் முடியத்தான் போகிறது என்றால், இப்போது இருபது முப்பது டாலர் கூடக் கொடுத்து இன்சூரன்ஸ் வழியாகவே போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் குறைந்த விலையே சரி. எந்த வழியில் போனாலும் எச்எஸ்ஏ கார்டையோ, அதைப் போலவே வேலை கொடுப்பவர் வழியாக வரும் எஃப்எஸ்ஏ கணக்கின் கார்டையோ பயன்படுத்தலாம், கூப்பனில் வாங்கினாலும் தடை இல்லை.

கோபே பிளானாக, அதாவது ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நிலையான தொகை மட்டும் கட்டும் பிளானாக இருந்தால் ஜெனரிக் ஒசெல்டமிவிர் பெரும்பாலும் குறைந்த கட்டணத் தட்டில் இருக்கும், சில டாலரில் முடிந்துவிடலாம். பிளானே மறுக்கும் இடங்கள் வேறு. ஒரே சீசனில் ஒருவருக்கே இரண்டாவது முறை எழுதினால் அளவு வரம்பு தாண்டிவிட்டது என்று திரும்பி வரலாம். சோஃப்ளூசா என்ற இன்னொரு ஃப்ளூ மருந்தை எழுதியிருந்தால் முன் அனுமதி கேட்கலாம். இது 2018-ல் வந்த மருந்து, ஒரே வேளையில் முடிந்துவிடும், 5 வயது முதல் கொடுக்கலாம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் பரிந்துரைப்பதில்லை. ஜெனரிக் இல்லாததால் விலை அதிகம். தயாரிப்பாளரின் தளத்தில் சலுகைக் கார்டு இருக்கிறதா என்று பார்க்கலாம், ஆனால் மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு இன்சூரன்ஸ் உள்ளவர்கள் அத்தகைய கம்பெனி கார்டைப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. முன் அனுமதி வர ஓரிரு நாள் பிடிக்கும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். டாக்டர் அலுவலகத்துக்குப் போன் போட்டு "இன்சூரன்ஸ் மறுக்கிறது, ஒசெல்டமிவிர் ஜெனரிக்காக மாற்றி அனுப்ப முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளுக்கு வாங்கும்போதுதான் தெரியாமலே அதிகம் செலவாகிறது. சிரப் ஒரு மில்லிலிட்டருக்கு 6 மில்லிகிராம் என்ற செறிவில் வரும், ஒரு பாட்டில் கலக்கிய பிறகு 60 மில்லிலிட்டர். ஒரு வயதுக்கு மேல், 15 கிலோ வரை உள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 5 மில்லிலிட்டர். பத்து வேளைக்கு 50, ஒரு பாட்டில் போதும். 15 கிலோவைத் தாண்டி 23 கிலோ வரை என்றால் வேளைக்கு 7.5, மொத்தம் 75 மில்லிலிட்டர். 15 மில்லிலிட்டருக்காக இரண்டாவது பாட்டில் வாங்க வேண்டி வரும். 23-லிருந்து 40 கிலோ வரை வேளைக்கு 10, அதுவும் இரண்டு பாட்டில். பாட்டிலுக்குப் பாட்டில் பணம். இதே மருந்து 30, 45 மில்லிகிராம் கேப்ஸ்யூலாகவும் கிடைக்கிறது. 7.5 மில்லிலிட்டருக்குப் பதில் 45 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்று. 10 மில்லிலிட்டருக்குப் பதில் 30 மில்லிகிராம் கேப்ஸ்யூல் இரண்டு. விழுங்கத் தெரியாத பிள்ளைக்குக் கேப்ஸ்யூலைத் திறந்து, உள்ளே இருக்கும் பொடியைச் சாக்லேட் சிரப் போன்ற இனிப்பான ஏதாவது ஒன்றில் குழைத்துக் கொடுக்கலாம் என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. பொடி கசக்கும், இனிப்பு தாராளமாக இருக்கட்டும். சிரப் ஸ்டாக் தீர்ந்துபோகும் சீசன்களிலும் இந்த வழி உதவும். 2022 கடைசியில் அப்படித்தான் பல ஊர்களில் சிரப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆனால் நீங்களாக மாற்றக் கூடாது. டாக்டர் கேப்ஸ்யூல் என்று புதிதாக எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு எடையைப் பார்த்துத் தனியாகக் கணக்கிடுவார்கள், அங்கே கேப்ஸ்யூல் யோசனையே வேண்டாம்.

அம்மா அப்பா விஷயத்துக்கு வருகிறேன். 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 5 வயதுக்குட்பட்ட, குறிப்பாக 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு ஃப்ளூ முற்றினால் ஆபத்து. அவர்களுக்கு டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் சந்தேகம் வந்தவுடனே மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதுதான் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி-யின் அறிவுரை. வீட்டில் ஒருவருக்கு உறுதியாகிவிட்டதால், அவர்களுக்குத் தடுப்பாகத் தினம் ஒரு கேப்ஸ்யூல் வீதம் எடுக்கலாமா என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். ஆரோக்கியமான முப்பது வயதுக்காரருக்கு இந்த மருந்து நோயைச் சுமார் ஒரு நாள் குறைக்கும், அவ்வளவுதான். அவருக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் பெரிய தவறில்லை. பணம் இறுக்கமாக இருந்தால் முதலில் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வாங்குங்கள்.

விசிட்டர் இன்சூரன்ஸ் பெரும்பாலும் பார்மசியில் நேரடியாக வேலை செய்யாது. கைக்காசைக் கட்டிவிட்டுப் பிறகு கிளெய்ம் போட வேண்டும். ஆகவே அங்கேயும் கூப்பன் விலையில் வாங்குவதே புத்திசாலித்தனம், குறைவாகக் கட்டி, குறைவாகக் கிளெய்ம் செய்வீர்கள். பிளானின் டிடக்டிபிள் 100 அல்லது 250 டாலராக இருந்தால் மாத்திரைக்கு மட்டும் ஒன்றும் திரும்பி வராது, டாக்டர் பில்லோடு சேர்த்துத்தான் கணக்கு. விசிட்டர் இன்சூரன்ஸ் கணக்கில் ஃப்ளூ இங்கே வந்த பிறகு பிடித்த நோய், ஏற்கெனவே இருந்த நோய் அல்ல. ஆனால் அப்பாவுக்கு ஆஸ்துமா இருந்து டாக்டர் பில்லில் அதை முதன்மைக் காரணமாக எழுதிவிட்டால், ஏற்கெனவே இருந்த நோய் என்று மறுத்துவிடுவார்கள். சீட்டிலும் பில்லிலும் ஃப்ளூவுக்கான நோய்க் குறியீடு, அதாவது ஜே10 அல்லது ஜே11-ல் தொடங்கும் எண், முதலில் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸே இல்லாதவர்களுக்கு மாத்திரையைவிட டாக்டரைப் பார்க்கும் செலவுதான் பெரிது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பம், சிறுநீர் வராமை போன்ற அறிகுறிகள் இருந்தால் எமர்ஜென்சிக்குத்தான் போக வேண்டும், அங்கே காசைப் பார்க்க வேண்டாம். இல்லையென்றால் அங்கே போகாதீர்கள். வீடியோ கன்சல்டேஷன், முன்பதிவில்லாமல் போகும் அர்ஜென்ட் கேர் கிளினிக்கைவிடப் பொதுவாக மலிவு, சீட்டை நேராகப் பார்மசிக்கு அனுப்பிவிடுவார்கள். சில மாநிலங்களில் பார்மசிஸ்டே டெஸ்ட் செய்து மருந்து கொடுக்கலாம். வருமானம் குறைவாக இருந்தால் கூட்டாட்சி நிதியில் இயங்கும் சமூக சுகாதார மையங்களில் வருமானத்துக்கேற்ற கட்டணம்தான், இன்சூரன்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள், அவர்களிடம் மருந்தும் தள்ளுபடி விலையில் கிடைக்கலாம். 211 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்தால் பக்கத்தில் எந்த மையம் இருக்கிறது என்று சொல்வார்கள். காஸ்ட்கோ பார்மசியில் மருந்து வாங்க மெம்பர்ஷிப் வேண்டியதில்லை, வாசலில் பார்மசி என்று சொன்னால் உள்ளே விடுவார்கள். தபாலில் அனுப்பும் ஆன்லைன் பார்மசிகள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் இதற்கு ஆகாது, பார்சல் வருவதற்குள் 48 மணி நேரம் ஓடிவிடும்.

சீட்டு ஏற்கெனவே ஒரு கடைக்குப் போய்விட்டது, மலிவான கடை வேறு என்றால் முதலில் அந்த மலிவான கடைக்குப் போன் போட்டு ஸ்டாக் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். அதைவிட வேகமானது டாக்டர் அலுவலகத்திடம் சொல்லிப் புதிதாக அனுப்ப வைப்பது. மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது, ஆகவே எல்லா ஒப்பீடும் பணம் கட்டுவதற்கு முன்னால்தான்.

அவசரத்தில் முழு விலையைக் கட்டி வாங்கியாகிவிட்டதென்றாலும் எல்லாம் போய்விடவில்லை. ஓரிரு வாரத்துக்குள் இன்சூரன்ஸ் கார்டோடு அதே பார்மசிக்குப் போனால், பல இடங்களில் பழைய கிளெய்மை மாற்றிப் போட்டு வித்தியாசத்தைத் திருப்பித் தருவார்கள். அதற்குப் பையில் ஒட்டியிருக்கும் மருந்து விவரச் சீட்டு வேண்டும். கிரெடிட் கார்டு ரசீதில் மருந்தின் பெயர், அளவு, சீட்டு எண் எதுவும் இருக்காது. விசிட்டர் இன்சூரன்ஸ் கிளெய்முக்கும் எஃப்எஸ்ஏ-வுக்கும் கேட்பதும் அந்தப் பைச் சீட்டைத்தான், பையோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.