ஓடும்போதே சேவைகளைத் தானாக இணைப்பது சரிவருமா?

சுற்றியிருக்கும் கருவிகளின் மென்பொருள் சேவைகள், முன்கூட்டி எதையும் எழுதி வைக்காமல், தாமே ஒன்றையொன்று கண்டுபிடித்துச் சேர்ந்து வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யும். சேர்ப்பது பெரிய கஷ்டமில்லை, சேர்ந்ததில் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் மற்றவை என்ன செய்யும் என்பதில்தான் என் நேரம் முழுக்கப் போனது.

விசுவமடுவில் எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் ஒரு மண் ஈர சென்சர், மோட்டரைப் போடவும் நிறுத்தவும் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), முடிவெடுக்கும் செயலி அப்பாவின் போனில். எந்தக் கருவியின் பெயரும் செயலியில் இல்லை, 'ஈரம் சொல்வது யார், தண்ணீர் விடுவது யார்' என்று வீட்டு வைஃபையில் கேட்டுப் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் மோட்டர் ஓடிக்கொண்டிருக்க, அப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சந்திக்குப் போய்விட்டார். நிறுத்தச் சொல்ல ஆளில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கி, குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு காற்றை இழுத்து, நான் ஓடிப்போய்த் தொட்டபோது மோட்டரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

இதற்கு வழி அப்போதே இருந்தது. சன் என்ற கணினி நிறுவனம், சேவைகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதற்கென்று 1999இல் வெளியிட்ட ஜினி என்ற மென்பொருளில் சேவைகளின் பதிவெல்லாம் குத்தகைதான், தவணைக்குள் புதுப்பிக்காவிட்டால் பதிவு விழுந்துவிடும். வயல் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இப்போது எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான், செயலியிடமிருந்து 2 நிமிடத்துக்குள் 'ஓடு' என்று மறுபடி வராவிட்டால் ரிலே தானே மோட்டரை நிறுத்திவிடும். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவான எம்கியூடிடி (கருவிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை) என்பதிலும் இப்படி ஒன்று உண்டு: கருவி இணையும்போதே 'நான் திடீரென்று அறுந்தால் இந்தச் செய்தியை அறிவி' என்று சொல்லி வைக்கலாம். அதற்குக் 'கடைசி விருப்பம்' என்றே பெயர்.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. சென்சர் பழுதாகி வேறொன்று மாட்டினேன், செயலி உடனே பிடித்துக்கொண்டது, எனக்குச் சந்தோஷம். முந்தியது சதவீதம் சொன்னது. புதியது 0 முதல் 1023 வரை சொல்லும், அதுவும் எண் கூடக் கூட மண் காய்ந்திருக்கிறது என்று பொருள். 790 வந்ததை நல்ல ஈரமென்று எடுத்துக்கொண்டு செயலி இரண்டு நாள் தண்ணீரே விடவில்லை. கன்றுகள் தலை தொங்கிவிட்டன. இப்போது அலகும் எண்ணின் போக்கும் சொல்லாத கருவியை என் செயலி சேர்ப்பதில்லை.

சரி, நீங்கள் தொடங்கினால், இரண்டு கருவிகள் பேச ஆரம்பித்தவுடனேயே ஒன்றின் வயரைக் கழற்றிவிட்டு மற்றது என்ன செய்கிறது என்று பாருங்கள்.