வாசகர் கேள்வி – பதில்: தச்சரைத் தெரிவுசெய்தல்

கேள்வி: உப்புவெளியில் வீடு கட்டி வருகிறோம். அத்திவாரம் முடிந்துவிட்டது. ஐந்து கதவுகளும் எட்டு யன்னல்களும் குசினி அலுமாரியும் செய்விக்கத் தச்சர் ஒருவர் தேவைப்படுகிறார். இருவரிடம் விலை கேட்டோம். முதலாமவர் மரத்தையும் தானே கொண்டுவந்து, எல்லாவற்றையும் கொந்தராத்தாக ஒரே தொகைக்கு முடித்துத் தருவதாகச் சொல்லி, அதில் முக்கால் பங்கை முற்பணமாகக் கேட்கிறார். வயதில் மூத்த மற்றவர் மரத்தை எங்களையே வாங்கச் சொல்லிக் கூலியை மட்டும் கூறுகிறார். கூட்டிப் பார்த்தால் அவருடைய வேலைதான் அதிகச் செலவாகிறது. யாரிடம் கொடுப்பது?
– வாசகி, உப்புவெளி

பதில்: நீங்கள் ஒப்பிடும் இரண்டு விலைகளும் ஒரே வேலைக்கு உரியவை அல்ல. முதலாமவரின் தொகைக்குள் எந்த மரம், எவ்வளவு மரம், என்ன தடிப்பு என்பவை மறைந்திருக்கின்றன. எனவே அவரிடம் மரத்தின் பெயரையும் அளவையும் கூலியையும் தனித்தனியே எழுதித் தரும்படி கேளுங்கள். அளவை நீங்களே சரிபார்க்கலாம். 7 அடி உயரமும் 3½ அடி அகலமும் கொண்ட ஒரு கதவு நிலைக்கு, 5 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டம் எடுத்தால், இரு கால்களும் மேற்சட்டமும் சேர்ந்து 17½ அடி நீளமாகும். அதை 15 ஆல் பெருக்கி 144 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.8 கன அடி வரும். கழிவுக்குச் சிறிது சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் இதற்கு 3 கன அடி கேட்டாலும் காரணம் கேட்க வேண்டும். ஒன்றேகால் கன அடி போதும் என்றாலும் கேட்க வேண்டும், ஏனெனில் சட்டம் மெலிந்துவிடும்.

அடுத்து, அவர்கள் செய்த வேலையைப் போய்ப் பாருங்கள். புதிதாக வார்னிஷ் பூசிய கதவு யாருடையதானாலும் அழகாகத்தான் இருக்கும். ஆகவே ஒரு கச்சானையும் ஒரு மாரியையும் கடந்த கதவையே காட்டச் சொல்லுங்கள். திருகோணமலையில் நடு ஆண்டு மாதங்களில் வீசும் கச்சான் காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சிச் சுருங்கச் செய்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் அதே மரம் ஈரம் குடித்து ஊதுகிறது. கச்சானில் இடைவெளி விடாமல் இறுக்கிப் பொருத்திய கதவை மாரியில் தோளால் இடித்துத் திறக்க வேண்டிவரும். நல்ல தச்சர் பருவத்தைக் கணக்கிட்டே இடைவெளி விடுவார். வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்றுக் கதவைப் பாதி திறந்து விடுங்கள்: அது தானாக மூடவோ திறக்கவோ முற்பட்டால் நிலை தூக்குக்குச் சரியாக, அதாவது நேர் செங்குத்தாக, நிறுத்தப்படவில்லை. பின்னர் மூலைகளைப் பாருங்கள். கழுந்து (சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) துளையில் இறுக அமர்ந்த மூட்டில் மெல்லிய கோடு மட்டுமே தெரியும். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்த மூட்டு வேறு நிறமாய்த் தனித்துத் தெரியும்.

பேச்சிலும் ஒருவரின் கைத்திறனை அளக்கலாம். சட்டமும் நடுப்பலகையும் கொண்ட கதவில் அந்தப் பலகையை எப்படிப் பொருத்துவீர்கள் என்று இருவரிடமும் கேளுங்கள். சட்டத்தின் காடிக்குள் (நீள்பள்ளத்துக்குள்) பசையிடாமல், பக்கவாட்டில் அசைய இடம்விட்டு நிறுத்துவேன் என்பதே சரியான விடை. மரம் நீளப்போக்கில் அநேகமாக மாறுவதில்லை; குறுக்குப்போக்கில்தான் சுருங்கி விரிகிறது. நாற்புறமும் ஒட்டி அறைந்த பலகை வெடித்தே தீரும். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டா என்று விசாரிப்பதிலும் தவறில்லை. எனினும் தகப்பனிடம் வேலை பழகி, ஒரு சான்றிதழும் இல்லாமல் மிக நேர்த்தியாக வேலை செய்யும் ஓடாவிமார் நம் மாவட்டத்தில் உள்ளனர் என்பதால், அதை ஒரு தடையாக நான் வைக்கமாட்டேன்.

மரத்தை நீங்களே வாங்குவதானால் அந்த மூத்தவரையும் மரக்காலைக்கு அழைத்துச் செல்லுங்கள். நிலைக்குப் பாலை உறுதியானது, ஆனால் கதவுக்குப் பாரம் மிகுதி. கதவுக்கு முதிரையோ தேக்கோ பொருந்தும். (வெளிநாட்டு வணிகர் ‘திருகோணமலை மரம்’ என்றே அழைத்த ஹல்மில்லையும் நல்லதுதான், கிடைத்தால் விடாதீர்கள்.) எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியாக இருக்க வேண்டும்; ஓரத்தில் வெளிறிய வெள்ளை ஓடும் சட்டத்தைக் கறையானும் வண்டும் முதலில் தேடும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு உலர வேண்டும் என்பது பழைய கணக்கு. நமது வெப்பத்தில் அவ்வளவு காலம் தேவையில்லை என்றாலும், அண்மையில் அறுத்த பச்சை மரத்தில் கதவு செய்ய ஒப்புக்கொள்ளும் தச்சரை நம்ப வேண்டாம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மரத்தை ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்பதையும் அங்கேயே தெளிவுபடுத்துங்கள். அனுமதியின்றி மலிவாக வரும் காட்டுமரம் வழியில் பிடிபட்டால் மரமும் போய் வழக்கும் வரும்.

உப்புவெளியில் கடற்காற்று இருப்பதால் பிணைச்சலும் திருகாணியும் பித்தளையிலோ துருப்பிடிக்காத உருக்கிலோ இருக்கட்டும். இதையும் விலைப்பட்டியலில் எழுதுவியுங்கள்.

குசினி அலுமாரியை இந்த வேலையிலிருந்து பிரித்துவிடுங்கள். நிலையும் கதவும் செய்வதில் தேர்ந்தவர் பிளைவூட்டிலும் லாச்சித் தண்டவாளத்திலும் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. நீர்த்தொட்டியின் கீழ் எம்.டி.எஃப் பலகை (மரநாரைப் பசையிட்டு அழுத்திய பலகை) வைப்பேன் என்பவரை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டால் அது ஊதி உதிரும்.

முக்கால் பங்கு முற்பணம் கொடுக்கவே கூடாது. மரம் உங்கள் வளவில் இறங்கியபோது அதன் விலை, நிலைகள் நிறுத்தியபின் கூலியில் ஒரு பங்கு, கதவுகள் பூட்டியபின் இன்னொரு பங்கு எனக் கொடுத்து, கூலியில் பத்திலொரு பங்கையாவது முதல் மாரி முடியும்வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று பேசிப்பாருங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் முகம் சுளித்தாலும் இணங்குவார். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால் என் மனம் மூத்தவர் பக்கமே சாய்கிறது. அவர் மரச்செலவை மறைக்கவில்லை. ஆனால் அவர் பொருத்திய கதவொன்றைத் திறந்து பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: தம்பலகாமத்தில் எங்கள் வளவில் நிற்கும் முதிர்ந்த பலாமரத்தை வெட்டிக் கதவு செய்யலாம் என்கிறார் தச்சர். சொந்த மரத்துக்கும் அனுமதி வேண்டுமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: வேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவதை 1951 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். வெட்டியபின் உடனே பலகையாக அறுத்து, பலகைகளுக்கிடையே மெல்லிய மரக்கீற்று வைத்து நிழலில் அடுக்கி, பலகை முனைகளுக்குப் பெயின்ற் பூசிவிடுங்கள். முனைகள் விரைவாகக் காய்ந்தால் பிளவு அங்கிருந்துதான் தொடங்கும். தச்சரை அந்த மரம் உலர்ந்த பிறகு கூப்பிட்டால் போதும்.