அடுத்த வீட்டுப் போனஸைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா, ப்ளஸ் டூ முடித்த மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர். கணவருக்கு அரிசி ஆலையில் வேலை. பையன் உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவன். கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்து அறுபது சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறான். கொழுந்தனார் மகன் பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறானாம். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் போனஸ், வாசலுக்கே வரும் கேப், ஆபீஸில் இலவசச் சாப்பாடு, ஜிம் என்று சொன்னதில் சொக்காரர் வீடுகள் எல்லாம் மயங்கிக் கிடக்கின்றன. "எப்படியாவது கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போட்டுருங்க மைனி" என்று கொழுந்தனார் விடாமல் நச்சரிக்கிறார். கோவையில் ஒரு தனியார் கல்லூரி, மேனேஜ்மென்ட் சீட், விடுதியும் சேர்த்து நான்கு வருடத்துக்கு 12 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்டார். பையன் வாயே திறக்கவில்லை.

கவலைப்படாதீங்க அக்கா, நல்லதே நடக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் பத்திரத்தை வைக்கப்போகிற குடும்பத்திடம் அப்படிப் பேசக் கூடாது. வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஏன் என்று இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருக்கின்றன.

அந்த பெங்களூர்த் தம்பி பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேருகிறவருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்று ஆஃபர் லெட்டரில் போட்டிருந்தால், அது கைக்கு வரும் பணம் இல்லை. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்குவது, சில இடங்களில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் வரை அதற்குள் அடக்கம். 'வேரியபிள் பே' என்று ஒன்றும் அதில்தான் இருக்கும். கம்பெனி நன்றாக ஓடினால், மேனேஜர் நல்ல ரேட்டிங் போட்டால் முழுதாக வரும். இல்லாவிட்டால் குறையும், சில காலாண்டில் வராமலும் போகும். ஊருக்கு வந்து போனஸ் என்று சொல்வது பல நேரம் இந்தப் பணத்தைத்தான். அதாவது அவனுடைய சம்பளத்தில் பிடித்து வைத்ததையே திருப்பிக் கொடுக்கிறார்கள். ஜாயினிங் போனஸ் கொடுத்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்டு என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். எல்லாம் போக மாதம் கையில் 25,000 ரூபாய் பக்கம் நிற்கும். 12 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு வாங்கினால் தவணை மாதம் 16,000-க்கு மேல். பெங்களூரில் வாடகை கொடுத்துச் சாப்பிட மிச்சம் 9,000. படிக்கும் நான்கு வருடத்தில் சேருகிற வட்டியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இன்னொன்று, முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கவுன்சலிங் மூலம் கிடைக்கும் இடத்துக்குத்தான் உண்டு, மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. அந்தக் கல்லூரியின் ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, போனஸ் என்பது என்ன? 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வரம்புக்கு உட்பட்ட சம்பளம் வாங்குகிற தொழிலாளிக்கு ஆண்டுக் கூலியில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். அந்தச் சட்டம் இப்போது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும் இந்த இரண்டு எண்களும் மாறவில்லை. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதக் கூலி. பொதுவாக, நட்டம் என்று சொல்லி இதை நிறுத்த முடியாது. அரசுப் போக்குவரத்துக் கழகம், மின்வாரியத்தில் 20 சதவீதம் என்று தீபாவளிக்கு முன் பேப்பரில் பெரிதாகப் போடுவார்கள். ஆனால் கணக்குப் போடுவதற்கான சம்பள உச்சவரம்பு மாதம் 7,000 என்பதால் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கைக்கு 16,800 தான். ரயில்வேயில் 78 நாள் போனஸ். கேட்க மூன்று மாதச் சம்பளம் போலிருக்கும். அதே 7,000 கணக்கில் வருவது 17,951 ரூபாய்.

ஆக, தொகை எங்கேயும் பிரமாதமில்லை. போனஸோடு கூட வருகிறவைதான் துறைக்குத் துறை மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசப்படும். ரயில்வேயில் பாஸ், ரயில்வே மருத்துவமனை. மத்திய அரசு வேலையில் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 பைசா கல்விப்படி, இரண்டு பிள்ளைகள் வரை. ஒரு சாதாரண ஆலையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தாலே குடும்பத்துக்கு வைத்தியம் உண்டு. அதோடு இ.எஸ்.ஐ.சி. மருத்துவக் கல்லூரிகளில் சந்தாதாரர் பிள்ளைகளுக்கென்று, நீட் மதிப்பெண்ணின்படி, தனி ஒதுக்கீடும் இருக்கிறது. ஐ.டி. வேலையை விட்டால் டாக்டர்தான் என்று பேசுகிற சொக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? டவுனில் ஜவுளிக்கடை வேலை என்றால் தங்க இடம், சாப்பாடு, தீபாவளிக்குத் துணி. உட்கார நாற்காலி மட்டும் 2021-இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் உரிமையானது. மூன்று வருடம் முடித்தால் மொத்தத் தொகை தருகிறோம் என்று நூற்பாலைக்கு ஆள் பிடிக்க வருகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எந்தச் சலுகையைக் காட்டினாலும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: வேலை போன மறுநாள் இதில் என்ன மிஞ்சும்? மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். எஸ்டேட் வேலையோடு லயன் வீடும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து வந்தன. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். 99 வருடக் குத்தகை 2028-இல் முடிகிறது என்று 2024-இலேயே கம்பெனி விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டபோது, வீடும் தங்கள் பெயரில் இல்லை, காடும் இல்லை. கேப், சாப்பாடு, ஜிம் எல்லாம் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் நாளோடு சரி. பி.எஃப். மிஞ்சும். ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி மிஞ்சும். கையில் கற்ற தொழில் மிஞ்சும்.

இனி பையனைப் பற்றி. அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு அவனிடம் தனியாகப் பேசினேன். லீவு நாளெல்லாம் தாய்மாமனின் மோட்டார் காயில் கட்டுகிற கடையில்தான் இருக்கிறான். மூன்று ஹெச்.பி. மோட்டாரை ஒற்றை ஆளாகக் கழற்றிக் கட்டிவிடுவானாம். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் எதற்கு என்று கேட்டேன். தொடக்கத்தில் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், அதைக் குறைக்க என்று படம் போட்டே காட்டினான். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரைத் தொடவே பிடிக்காது என்றான். இவனை நான்கு வருடம் கோடிங் படிக்கவைப்பதற்குப் பத்திரத்தை வைப்பதா?

இந்தப் பையனுக்கு நான் சொல்லும் வழியைக் கேட்டால் கொழுந்தனார் சிரிப்பார். சிரிக்கட்டும். அரசு ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், எலெக்ட்ரீஷியன் பிரிவு, இரண்டு வருடம். ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யா என்று முகம் சுளிக்கும் முன் கொஞ்சம் கேளுங்கள்.

செலவு: பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பாடநூல், ஷூ, பஸ் பாஸ் எல்லாம் அரசு தருகிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பையன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேட்கலாம். ஐ.டி.ஐ.யும் அதில் சேரும். திருநெல்வேலி பேட்டை ஐ.டி.ஐ. தினமும் போய்வரும் தூரம்தான், விடுதிச் செலவு கிடையாது. வயரிங், டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் வைண்டிங், ஸ்டார்ட்டர், கன்ட்ரோல் பேனல் என்று அவன் மாமா கடையில் கண்ணால் பார்த்துக் கற்றதையே முறையாகக் கற்றுத்தருவார்கள். மதிப்பெண்ணுக்காக அவனை யாரும் விரட்ட வேண்டியிருக்காது.

முடித்த பிறகு ஒரு வருடம் அப்ரண்டிஸ். ரயில்வேயிலோ தூத்துக்குடி அனல்மின் நிலையம் மாதிரி இடத்திலோ கிடைத்தால் விடக் கூடாது. அப்ரண்டிஸுக்குச் சட்டப்படி போனஸ் கிடையாது, ஸ்டைபண்ட் மட்டும்தான். அதைப் பார்த்துக் கசந்து பாதியில் வருகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் ரயில்வே நிறுவனங்களில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் ஒன்று என்கிற கடைநிலை வேலைகளில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. டெக்னீஷியன், உதவி லோகோ பைலட் தேர்வுகளுக்கும் இந்தச் சான்றிதழ் போதும். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. அங்கே 'டெக்னீஷியன் பி' பணிக்குப் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும்தான் தகுதி. அடிப்படைச் சம்பளம் 21,700, அதற்கு மேல் அகவிலைப்படி.

அப்புறம் கூடங்குளம். 1,000 மெகாவாட் அலகுகள் இரண்டு ஓடுகின்றன, நான்கு கட்டப்படுகின்றன. அணுமின் கழகம் 'ஸ்டைபண்டரி டிரெய்னி' என்று ஆள் எடுக்கிறது. ப்ளஸ் டூ அறிவியல் பிரிவில் ஐம்பது சதவீதம் இருந்தால் ஆபரேட்டர் பிரிவுக்கும், ஐ.டி.ஐ. முடித்தால் பராமரிப்புப் பிரிவுக்கும் போடலாம். இந்தப் பையனுக்கு இரண்டு கதவும் திறந்திருக்கும். அண்மை அறிவிப்புகளில் பயிற்சியின் முதல் வருடம் மாதம் 20,000, இரண்டாம் வருடம் 22,000. படிக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள், அக்கா. முதல்நிலைத் தேர்வில் கணிதம் 20, அறிவியல் 20, பொது அறிவு 10 என்று ஐம்பது கேள்விகள். சரியானதற்கு மூன்று மதிப்பெண், தப்புக்கு ஒன்று குறையும். அதன் பிறகு ஒரு தேர்வு, செய்முறைத் தேர்வு. நிரந்தரமானால் செட்டிகுளம் அணுவிஜய் நகரியத்தில் குடியிருப்பு, அங்கேயே மத்தியப் பாடத்திட்டப் பள்ளி, மருத்துவமனை. அந்த வீடும் ஓய்வு பெற்றால் காலி செய்கிற வீடுதான். ஆனால் வாடகை கொடுக்காத வருடங்களில் சொந்த இடம் வாங்கிவிடலாம்.

அணு உலை என்றதும் அக்கா தயங்கினார். இடிந்தகரைப் போராட்டத்தை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை, மறக்கவும் தேவையில்லை. மனசு ஒப்பவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். ரயில்வேயும் இஸ்ரோவும் இருக்கின்றன. கூடங்குளத்தில் ஆண்டுதோறும் ஆள் எடுப்பார்கள் என்றும் இல்லை, போட்டியும் கடுமை. அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை.

தனியார் ஆலை என்றால் கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் ஆலையும் டாடாவின் சோலார் ஆலையும் இருக்கின்றன. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தது. பஸ், கேன்டீன், சீருடை எல்லாம் தருவோம் என்று எந்த ஆலை சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது, யாருடைய ரோலில் எடுக்கிறீர்கள் என்பது. கம்பெனி ரோலா, கான்ட்ராக்டர் ரோலா? ஒரே மெஷினில் நிற்கிற இரண்டு பேருக்கு இதனால் போனஸும் விடுப்பும் வேறாகிவிடும். புதிதாகத் தொடங்கிய நிறுவனம் முதல் ஐந்து கணக்காண்டுகளில் லாபம் வந்த ஆண்டுக்கு மட்டும் போனஸ் கொடுத்தால் போதும் என்றும் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. புது ஆலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

நாளைக்கே பையனுக்கு இன்ஜினியரிங் ஆசை வந்தால்? ஐ.டி.ஐ.யிலிருந்து டிப்ளமோ இரண்டாம் ஆண்டு, டிப்ளமோவிலிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு என்று நேராகச் சேரலாம். அப்போது அவன் சம்பாத்தியம் இருக்கும், பத்திரம் உங்கள் பெட்டியில் இருக்கும்.

கொழுந்தனாரிடம் சண்டை போட வேண்டாம். தம்பியின் ஆஃபர் லெட்டரையும் போன மாதச் சம்பளச் சீட்டையும் காட்டச் சொல்லுங்கள், அவ்வளவுதான். கடனில் தவணை கட்ட முடியாமல் போனால் அவர் வந்து கட்டப்போவதில்லை.

கடைசியாக உங்கள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பீடி சுற்றுகிறேன் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. பி.எஃப். இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயிலிருந்து 25,000 வரை நல உதவித்தொகை இருக்கிறது, ஐ.டி.ஐ.யும் அந்தப் பட்டியலில் உண்டு. தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில்தான் விண்ணப்பம், ஆண்டுதோறும் கடைசித் தேதி உண்டு. உங்கள் பீடி அடையாள அட்டை, மகனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம், ஆதார் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் மனு திரும்பி வருகிறது.