முகவர் சொல்வது பாதிக் கதைதான், அக்கா

தென்னாப்பிரிக்கப் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கில் கணக்கு 58, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த பாடத்தில் 54 எடுத்த மகளுக்கு, "தேர்வே வேண்டாம், வெளிநாட்டில் மருத்துவ இடம் உறுதி" என்று முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இடம் கிடைக்கலாம். திரும்பி வரும்போதுதான் கதவு இறுகும்.

வெளிநாட்டுப் பட்டத்தோடு டர்பன் வந்தால், தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்வல்லுநர் கவுன்சிலின் (HPCSA) தேர்வில் தேற வேண்டும். பிறகு இரண்டு ஆண்டு பயிற்சி மருத்துவம், ஓராண்டு சமூக சேவை. என் அக்காள் மகன் இதில் மாட்டிக்கொண்டான். வெளிநாட்டில் அவன் கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் வார்டில் நோயாளிகள் உள்ளூர் மொழி பேசினார்கள். கையில் நோட்டோடு கட்டில் ஓரத்தில் பொம்மை போல் நின்றேன் என்பான். கவுன்சில் தேர்வில் முதல் முறை விழுந்ததற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு. ஆகவே கட்டணத்தை விட, நோயாளியிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்பதை முதலில் கேளுங்கள்.

இந்தியா என்றால் நீட் எழுதாமல் எம்பிபிஎஸ் இல்லை, வெளிநாட்டவருக்கும் அதே விதி. 720 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முன்பணம் கட்டமாட்டேன். மே, ஜூனில் மெட்ரிக் மறுதேர்வு உண்டு. அந்த இரண்டு பாடங்களை மட்டும் மகள் திரும்ப எழுதட்டும். கணக்கில் எடுத்த 58 என்பது மெட்ரிக் மதிப்பீட்டில் நான்காம் நிலை. இன்னும் இரண்டே மதிப்பெண்ணில் ஐந்தாம் நிலை. அதற்குள் முகவரிடம், அங்கே படித்துத் திரும்பி இங்கே மருத்துவராகப் பதிவு பெற்ற இருவரின் தொலைபேசி எண்ணைக் கேட்டுப் பாருங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.