இறக்கத்தைப் பார்த்துக் கணவாயைத் தேர்ந்தெடுங்கள்

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் ஒரு 125 சிசி பைக், மனைவியிடம் கியர் இல்லாத ஸ்கூட்டர், கல்லூரி போகும் மகனிடம் கியர் சைக்கிள். 64 வயது மாமனாருக்குக் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிற பழக்கம் உண்டு. "ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பக்கத்துக் கணவாய்களைப் பார்க்க ஆசை. எதற்கு எதில் போவது? மகன் தொப்பூரில் சைக்கிள் ஓட்டிப் பார்க்கிறேன் என்கிறான், விடலாமா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். தொப்பூர் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. வடக்கேயிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகள் தருமபுரி தாண்டி, சேலத்தை நோக்கி அங்கேதான் இறங்குகின்றன. கட்டமேடு, இரட்டைப் பாலம் என்ற பெயர்களை விபத்துச் செய்திகளில் எத்தனை முறை படித்திருப்பீர்கள்! டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், ஏர் பிரேக்கை மிதித்து மிதித்துக் காற்றழுத்தம் குறைவதும் அங்கே உயிர்களைக் குடித்திருக்கின்றன. அப்படி ஒரு லாரி பின்னால் வரும்போது சைக்கிளில் போகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

ஆனால் தொப்பூர் அழகான கணவாய். அதைப் பார்க்காமல் விடக்கூடாது. தருமபுரியில் ஓமலூர் வழியாகச் சேலம் போகும் ரயில் ஏறி, ஜன்னலோரம் உட்காருங்கள். சிவாடி, முத்தம்பட்டி, தொப்பூர் என்று பாறையை ஒட்டி வளைந்து இறங்கும் அந்தத் துண்டு, சாலையில் போகிறவர்களுக்குக் கிடைக்காத காட்சி. 1790 நவம்பரில் திப்புவின் படை, துரத்தி வந்த ஆங்கிலேயக் கம்பெனிப் படையிடம் சிக்காமல் தெற்கே நழுவியது இந்தக் கணவாய் வழியாகத்தான். மாமனாருக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே போகலாம்.

சரி, மற்ற கணவாய்களுக்கு வருவோம். மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் "ஏறுமா?" என்றுதான் கேட்கிறார்கள். வண்டி ஏறவில்லை என்றால் நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கம் அப்படி இல்லை. பிரேக், டயர், முழங்கால் என்று எது கெட்டாலும் கெடுவது இறங்கும்போதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. நீங்களும் உங்கள் மனைவியும் ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் மொத்தம் 240 கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை என்ஜின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும். கியர் வண்டியில் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் என்ஜினே இழுத்துப் பிடிக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த வசதி குறைவு. வேகம் குறைந்ததும் அதன் கிளட்ச் தானாகவே விட்டுவிடும். அப்புறம் வண்டி சும்மா உருளும், முழுப் பாரமும் பிரேக்கில்தான். நான் ஒருமுறை தருமபுரி பக்கத்து வத்தல்மலையிலிருந்து ஸ்கூட்டரில் இரண்டு பேராக இறங்கியபோது, பாதி மலையில் பின் பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது. எரிந்த ரப்பர் மாதிரி ஒரு வாடை. ஓரங்கட்டி இருபது நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் பிரேக் திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து ஸ்கூட்டரில் மலை இறங்கினால் நாலு வளைவுக்கு ஒரு தடவை நிறுத்திவிடுவேன். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, வேகத்தை நன்றாகக் குறைத்து, விட்டுவிடுங்கள். கொஞ்ச தூரம் கழித்து மறுபடி அழுத்துங்கள். சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றவே கூடாது, விரிசல் விடும்.

பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஊரில் அது அதிகம். இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பைக்குகள், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோலைத் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் ஓடவிட்டால்தான் செலவு.

மகனுக்கு ஏற்றது வத்தல்மலைதான். தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். நெடுஞ்சாலை லாரிகள் கிடையாது, மேலே காபியும் மிளகும் விளையும் மலைக்கிராமங்கள். விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து தொடங்கினால் வெயிலுக்கு முன் பெரியூர் போய்விடலாம். ஏறுவது அவன் பாடு. இறங்கும்போது வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், வளைவுக்குள் போனபின் பிரேக் பிடித்தால் சக்கரம் சறுக்கும். மழை பெய்த மறுநாள் வளைவுகளில் மண்ணும் சரளையும் வந்து கிடக்கும், அன்றைக்குப் போக வேண்டாம். அவன் சைக்கிளில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கவும் வாய்ப்புண்டு. நடுவில் நின்று தொட்டுப் பார்த்து, ஆறவிட்டு இறங்கட்டும்.

அதற்கு முன் பழகிக்கொள்ள ஒரு இடம் வேண்டுமென்றால் சிங்காரப்பேட்டை. ஊத்தங்கரையிலிருந்து செங்கம் போகும் வழியில், ஜவ்வாது மலைக்கும் தென்மலைக்கும் நடுவே போகிற சாதுவான கணவாய். அந்தப் பக்கம், செங்கத்தில்தான் 1767இல் ஹைதர் அலிக்கும் கம்பெனிப் படைக்கும் முதல் பெரிய சண்டை. பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலை என்பதால் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளட்டும்.

உங்கள் 125 சிசி பைக்குக்கு நான் சொல்வது தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகும் காட்டுப்பாதை. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் எனக்கு மிகவும் பிடித்த சாலை அது. மேலகிரி மலைகளின் ஓரமாக, காவிரி வடக்கு வன உயிரின சரணாலயத்துப் பக்கம் போகிறது. யானைகளின் வீடு அது. அக்டோபர் தொடங்கி பிப்ரவரி வரை பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக்கூட்டங்கள் ராகிக் காடுகளைத் தேடி ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் வரும். அந்த மாதங்களில் சூரியன் நன்றாக ஏறிய பிறகு காட்டுக்குள் நுழைந்து, நாலு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். யானை தென்பட்டால் தூரத்திலேயே நிறுத்தி, திருப்பிக்கொள்ள இடம் வைத்துக் காத்திருங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், போட்டோவுக்காக இறங்காதீர்கள். பெட்ரோலைத் தேன்கனிக்கோட்டையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குறுகலான இடத்தில் எதிரே வண்டி ஏறி வந்தால் வழிவிட வேண்டியது இறங்கும் நீங்கள்தான், சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

மாமனாருக்கு ஏற்றம் நல்லது, இறக்கம் ஆகாது. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தை முழங்கால்தான் நிறுத்திப் பிடிக்கிறது. அதனால் வத்தல்மலைச் சாலையில் நாலைந்து வளைவுகள் மட்டும் அவர் மேல்நோக்கி நடக்கட்டும். பிறகு நீங்கள் பைக்கில் ஏற்றிக் கீழே கூட்டி வந்துவிடுங்கள். இந்த வேலைக்கு ஸ்கூட்டர் வேண்டாம்.

காட்டுக்குள் நடக்க ஆசைப்பட்டால் வனத்துறையின் அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன, அது சரியும்கூட. 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே அய்யூர் சாமி ஏரிப் பாதையும் குத்திராயன் சிகரமும் இருக்கின்றன. வழிகாட்டியோடுதான் அனுப்புவார்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள், அதனால் தேதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். குத்திராயன் மகனுக்கு. சாமி ஏரி, மாமனார் உட்பட எல்லோருக்கும்.

முதல் பயணத்துக்கு முன் ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் விட்டுப் பின் டிரம்மைக் கழற்றி பிரேக் ஷூவைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.