பழைய சுவரில் கை வைக்கும் முன்

கட்டடக் கேள்வி-பதில்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், பாளையங்கோட்டை

வழக்கமாக மொட்டைமாடி ஒழுகலும் சுவர் வெடிப்பும்தான் எனக்கு வரும் கடிதங்கள். இந்த மாதம் பாதிக்குமேல் கோயில் கடிதங்கள் (எங்கள் பக்கம் கிறிஸ்தவ ஆலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம்). கிறிஸ்துமஸுக்கு இடம் போதாமல் வெளியே நின்றவர்களின் முணுமுணுப்பு பொங்கல் கழிந்ததும் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்துவிடும். அதனால் இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் 140 வருடம் பழையது. உள்ளே 70 அடி நீளம், 25 அடி அகலம். ஞாயிற்றுக்கிழமை 400 பேருக்குமேல் வருகிறோம். கிறிஸ்துமஸ், அசன (சபை விருந்து) நாட்களில் ஆயிரம் பேர். வாலிபர் சங்கத்தார் இடித்துவிட்டு கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டலாம் என்கிறார்கள். பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். வந்து பார்த்த கான்ட்ராக்டர், "சுவரில் ஒரு கம்பிகூட இல்லை, எந்த நேரமும் விழும்" என்று சொல்லிப் போனார். என்ன செய்ய?
*– சேகரக் கமிட்டி உறுப்பினர், உடன்குடி வட்டாரம்*

பதில்: கம்பி இல்லை என்பதுதான் உங்கள் சுவரின் பலம், தம்பி. இரண்டடிக்குக் குறையாத கனத்தில், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் அது. மேலிருந்து வரும் பாரத்தைத் தன் கனத்தாலேயே தாங்குகிறது. இழுவிசைக்குத்தான் கம்பி வேண்டும். அந்தச் சுவரில் இழுவிசை வராதபடிதான் வளைவும் கனமும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊர் கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுவதை அங்குள்ள பள்ளிக்கூடங்களிலேயே பார்த்திருப்பீர்கள். கம்பியே இல்லாத சுவர் துருப்பிடிக்காது.

முதலில் கணக்குப் போடுங்கள். பாயில் உட்கார ஒருவருக்கு 5 சதுர அடி என்று நான் வைப்பது வழக்கம். பெஞ்சு போட்டால் நடைபாதையும் சேர்த்து 7, 8 ஆகும். உங்கள் கோயிலின் 1750 சதுர அடியில் பாய் விரித்தால் 350 பேர். ஞாயிற்றுக்கிழமைக்கு உங்களுக்குக் குறைவது ஐம்பது பேருக்குச் சற்றுமேலான இடம். ஆயிரம் பேர் வருவது சென்னையிலும் மும்பையிலும் இருக்கும் பிள்ளைகள் ஊர் திரும்பும் இரண்டு மூன்று நாட்கள்தான். அந்த மூன்று நாளுக்காக வருடம் முழுக்கப் பாதிக்குமேல் காலியாகக் கிடக்கும் மண்டபத்தைக் கட்டி, அதற்கு மின்சாரமும் வெள்ளையடிப்பும் யார் கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமைக்குக் கோயில் கட்டுங்கள், கிறிஸ்துமஸுக்குப் பந்தல் போடுங்கள்.

என் யோசனை இது. கோயிலின் இரண்டு பக்கத்திலும் 10 அடி அகலத்தில் நீளவாக்கில் தாழ்வாரம் இறக்குங்கள். 1400 சதுர அடி கிடைக்கும், 280 பேர் உட்காரலாம். உள்ளேயும் வெளியேயும் சேர்த்து 630 பேர். சுவரை உடைக்காமல் உள்ளேயிருந்து தாழ்வாரத்துக்கு வழி எப்படி என்றால், ஜன்னல் வழிதான். ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் வளைவு இருக்கிறது. மேல்பாரம் அந்த வளைவு வழியாக இரண்டு பக்கமும் இறங்கிப்போகிறது. ஜன்னலுக்குக் கீழே இருக்கும் கட்டைச்சுவர் கிட்டத்தட்ட ஒரு பாரமும் சுமப்பதில்லை. அதை மட்டும் தரைமட்டம்வரை மெதுவாக எடுத்துவிட்டால் ஜன்னல் கதவாகிவிடும். இரண்டு ஜன்னலுக்கு நடுவே நிற்கும் சுவர்க்காலில் உளி படக் கூடாது. "எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே பீம் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கூரையின் மரச்சட்டங்கள் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலைத் தாங்குவது அந்தச் சுவர்க்கால்கள்தான்.

தாழ்வாரத்துக்குத் தனித் தூண், தனி அஸ்திவாரம். பழைய சுவருக்கும் புதுக் கட்டுமானத்துக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். பழைய கட்டடம் இருக்கவேண்டிய மட்டத்துக்கு எப்போதோ இறங்கி உட்கார்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் கட்டிப்போட்டால் இறங்குகிறது மற்றதையும் இழுத்துக் கிழிக்கும். இடைவெளியில் மழைத்தண்ணீர் புகாமல் மேலே தகடு மடித்து அடிக்க வேண்டும். தகட்டின் ஒரு ஓரம்தான் பழைய சுவரோடு சேரும், பாரம் எதுவும் சேராது.

உங்கள் பக்கம் தேரி மணல் (செம்மணல்), அதனால் இன்னொன்று. பழைய அஸ்திவாரத்தைவிட ஆழமாக, அதை ஒட்டிக் குழி தோண்டாதீர்கள். மணல் உருண்டோடினால் சுவரின் அடி காலியாகிவிடும். முதலில் ஒரே இடத்தில் சின்னக் குழி வெட்டி, பழைய கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். தூண்களை அங்கிருந்து தள்ளி வையுங்கள். அஸ்திவாரக் குழிகளை ஒரே நாளில் வரிசையாகத் திறக்காமல் ஒன்றிரண்டாக எடுத்து, போட்டு, மூடி, பிறகு அடுத்தது.

பழைய சுவரில் காரை உதிர்ந்த இடங்களில் சிமென்ட் பூசவே கூடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். மேலே சிமென்ட் அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று, இரண்டு மழைக்குள் பூச்சு பலகை பலகையாகக் கழன்று வரும். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம்தான். தேடினால் கிடைக்கிறார்கள்.

பழையதை வைத்துக்கொண்டே பெரிதாக்குவது புதிய யோசனையும் அல்ல. வேளாங்கண்ணியில் 1933இல் இரண்டு பக்கமும் சிறகு சேர்த்தார்கள். 1975இல் பின்பக்கம் இரண்டடுக்காக நீட்டினார்கள். சாந்தோமில் 2004இல் புதுப்பித்தபோது, தோமாவின் கல்லறையைப் பார்க்க வருகிறவர்களுக்கு நிலத்தடியில் தனி வழியும் சிற்றாலயமும் அமைத்தார்கள். மேலே 1896இல் திறந்த கோயில் அப்படியே இருக்கிறது. உங்கள் வாலிபர் சங்கத்தாரிடம் இதைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்பது இடம்தானே, இடிப்பது இல்லையே.

கேள்வி: ஏற்கெனவே இருக்கும் கோயிலை நீட்டத்தானே போகிறோம், கலெக்டர் அனுமதி எதற்கு, பஞ்சாயத்தில் சொன்னால் போதும் என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். சரியா?
*– பொருளாளர் (பெண்), விருதுநகர் மாவட்டம்*

பதில்: சரியில்லை அம்மா. வழிபாட்டுக்காக ஓர் இடத்தில் கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பது 1997ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகளிலேயே இருக்கிறது. பிளான் அப்ரூவலுக்கு இப்போது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள். நீட்டுகிறோம் என்றாலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பித் தளம் போட்டபிறகு பக்கத்துக்காரர் ஒருவர் மனுக் கொடுத்தால், சென்டரிங் பலகைகளோடு வேலை நிற்கும்.

ஆட்சியர் அலுவலகம் வருவாய்த்துறையிடமும் காவல்துறையிடமும் அறிக்கை கேட்கும். அங்கே முதலில் பார்ப்பது பட்டா. பழைய மிஷன் இடங்களில் கூத்து இங்கேதான். பட்டா இன்னும் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற மிஷன் பெயரில் இருக்கும், இல்லையென்றால் எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரப் பாதிரியார் பெயரில் இருக்கும். தென்னிந்தியத் திருச்சபை என்றால் 1947இல் பதிவான சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் சொத்து இருக்க வேண்டும். டயோசீசன் அலுவலகத்தில் கேட்டு, பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். வரைபடம் அதற்குப் பிறகு. அளவுகாரரைக் கூட்டிவந்து எல்லைக்கல் நான்கையும் பார்த்துவிடுங்கள். காம்பவுண்டுச் சுவர் நிற்கும் இடம்தான் எல்லை என்று நினைத்திருந்தவர்கள் பலர்.

அரசு மானியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சொந்தக் கட்டடத்தில் இயங்கும் பழைய கோயில்களைப் பழுதுபார்க்கத்தான் அந்த மானியம், விரிவாக்கத்துக்கு அல்ல. பழுது உண்டென்றால் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கலாம்.

கேள்வி: துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கட்டட நிதிக்குப் பணம் அனுப்புகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?
*– அதே வாசகி*

பதில்: யாரிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். துபாயில் வேலை பார்ப்பவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தால், தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர், அவர் உங்கள் சொந்த அண்ணன் மகனே ஆனாலும், கையில் ஓ.சி.ஐ. கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அந்தப் பணம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள அமைப்புக்குத்தான் வரலாம். அதுவும் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். உங்கள் கணக்கிலோ குருவானவர் கணக்கிலோ போடச் சொல்லாதீர்கள். ஊரிலிருக்கும் மாமியார் கணக்குக்கு அனுப்பி எடுத்துத் தருகிறேன் என்று ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும். வேண்டாம்.

மற்றபடி எங்கள் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் கைப்பிடி அரிசியில் எழும்பியவை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார்கள். இன்றும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் போகிறது. பணம் வந்துவிடும். அது எங்கே போனது என்பதில்தான் சபை இரண்டாகும். வாரா வாரம் சிமென்ட் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை செலவானது, கையிருப்பு என்ன என்று எழுதிக் கோயில் வாசலில் ஒட்டுங்கள். மூட்டைக் கணக்கை ஒட்டினால் ரூபாய்க் கணக்கில் பாதிச் சண்டை வராது. கமிட்டிக்காரரின் மைத்துனருக்குக் கான்ட்ராக்ட் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் மூடிய உறையில் கொட்டேஷன் கொடுக்கட்டும்.

கேள்வி: கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தைச் சமன்படுத்தி வண்டி நிறுத்த இடமாக்கலாமா? புதுக் கல்லறைக்கு வளாகத்தின் பின்பக்கம் இடம் இருக்கிறது.
*– வாசகர், தூத்துக்குடி மாவட்டம்*

பதில்: இருக்கிற கல்லறைமேல் பேவர் பிளாக் போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன், காரணம் சொல்லவும் தேவையில்லை. பின்பக்கம் புதைப்பதற்கும் தடை உண்டு. ஊராட்சிப் பகுதியில் இடுகாட்டுக்கு உரிமம் வேண்டும். 1999ஆம் ஆண்டு விதிகளின்படி, குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் புதைக்கக் கூடாது. உங்கள் வளாகத்திலேயே கிணறு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டேப் எடுத்து அளந்து பாருங்கள்.

வண்டிக்கு இடம் வேண்டுமென்றால் புளிய மரத்தடியில் நிறுத்தட்டும். மரத்தை வெட்டாதீர்கள், அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் போட்டு மூச்சை அடைக்கவும் வேண்டாம். வளாகம் முழுக்கக் கல் பாவினால் மழைத்தண்ணீர் கோயில் அஸ்திவாரத்துக்குத்தான் போகும். புதிய கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாக அந்தக் கிணற்றுக்கே விடலாம். மழைநீர் சேகரிப்பு எப்படியும் கட்டாயம்.

கேள்வி: விரிவாக்கி கிரானைட் போட்டு, கண்ணாடிக் கதவு வைத்தோம். பிரசங்கம் ஒரு வார்த்தையும் புரியவில்லை. இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்கலாமா?
*– வாசகர், நாகர்கோவில்*

பதில்: வாங்கினால் இன்னும் புரியாது. கல்லும் கண்ணாடியும் சத்தத்தை விழுங்காமல் திருப்பி அடிக்கின்றன. முதல் வார்த்தை அடங்குமுன் அடுத்தது வந்து மோதுகிறது. பழைய ஓட்டுக்கூரையில் சத்தம் இடுக்குகள் வழியே வெளியே போய்விடும், அதனால்தான் அப்போது மைக் இல்லாமலே கேட்டது. பின்சுவரில் கனத்த திரைச்சீலை தொங்கவிடுங்கள், தரையில் பாய் விரியுங்கள். பெரிய பெட்டி இரண்டை விற்றுவிட்டு, சின்ன ஸ்பீக்கர்களைத் தூணுக்கு ஒன்றாக, ஆட்களைப் பார்த்துச் சாய்த்து, சத்தம் குறைத்து வையுங்கள்.

கேள்வி: தூண்கள் எழுப்பியதோடு பணம் தீர்ந்து நான்கு வருடமாக வேலை நிற்கிறது. பக்கத்து ஊரார் கேலி பேசுகிறார்கள். வட்டிக்கு வாங்கியாவது முடித்துவிடலாமா?
*– வாசகர், சாத்தான்குளம்*

பதில்: வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் இடையன்குடிக் கோயிலுக்கு 1847இல் வேலை தொடங்கி 1880இல்தான் முடிந்தது. அதைக் கட்டிய பிஷப் கால்டுவெல் 33 வருடம் பொறுத்தார். கடைசியில் அதே கோயிலில்தான் அவரை அடக்கமும் செய்தார்கள். எங்கள் பாளையங்கோட்டை திரித்துவக் கோயில் 1826இல் பிரதிஷ்டை ஆனது, ஊசிக்கோபுரம் எழும்பியது 1845இல். பத்தொன்பது வருடம் கோபுரம் இல்லாமலே ஆராதனை நடந்திருக்கிறது.

கேலியைவிட, தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பிகள்தான் எனக்குக் கவலை. நான்கு வருடம் மழையிலும் உப்புக்காற்றிலும் நின்றவை. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு, கனம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒரு இன்ஜினியரை அளக்கச் சொல்லுங்கள். தேறினால் சிமென்ட் பால் அடித்து, சிமென்ட் குறைவான கான்கிரீட்டில் மூடிவையுங்கள், மீண்டும் தொடங்கும்போது உடைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் தூணின் தலையைக் கொஞ்சம் உடைத்து, உள்ளிருக்கும் நல்ல கம்பியோடு புதிதைச் சேர்க்க வேண்டிவரும். பணம் வரத் தொடங்கியதும் முதலில் கூரை. தரை, பூச்சு, கதவெல்லாம் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டே செய்துகொள்ளலாம். கூரைக்கு இரும்புச் சட்டமும் தகடும் போதும் என்று முடிவு செய்தால் செலவு எவ்வளவு குறையும் என்பதைத் தூண்களின் இடைவெளி தெரிந்தால் சொல்லிவிடுவேன். அடுத்த கடிதத்தில் அளவுகளை எழுதுங்கள்.