வாசகர் கேள்வி – பதில்: மௌனப்படங்களில் விமானச் சாகசம்

கேள்வி: லோரோங் குலிட் சந்தையில் விமானச் சாகசக் கதை ஒன்றின் 16 மி.மீ. படச்சுருளை வாங்கினேன். மௌனப்படம், கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. சேகரிப்பாளர்கள் இத்தகைய படங்களை ஏன் தேடி அலைகிறார்கள்? பெட்டியைத் திறந்தால் வினிகர் வாடை வீசுகிறதே, அது எதனால்?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: கதைக்காக இவற்றை எவரும் தேடுவதில்லை. தேடுவது அவற்றில் பதிவாகியுள்ள பறத்தலை. ஒருவர் விமானம் விட்டு விமானம் தாவுவதைக் காட்ட வேண்டுமானால், அன்று பெரும்பாலும் எவரேனும் உண்மையாகவே தாவ வேண்டியிருந்தது. அவ்வாறு தாவிப் புகழ்பெற்ற ஓர்மர் லாக்லியர், ‘தி ஸ்கைவேமன்’ படத்தின் இரவுக் காட்சிக்காகப் பறந்தபோது, 1920 ஆகஸ்ட் 2 அன்று விமானம் விழுந்து இறந்தார். அந்தப் படமும் இன்று கிடைப்பதில்லை.

முதல் உலகப் போரில் விமானியாக இருந்த வில்லியம் வெல்மன், 1927இல் வெளியான ‘விங்ஸ்’ படத்தை டெக்சாஸில் எடுத்தபோது, மேகம் திரளும்வரை வான்காட்சிகளைப் படமாக்காமல் காத்திருந்தார். வெறும் வானத்தில் விமானம் அசையாது நிற்பதுபோல் தோன்றும். பின்னால் மேகம் இருந்தால்தான் அதன் வேகம் கண்ணுக்குப் புலப்படும். ஆஸ்கரின் முதல் விழாவிலேயே விருது பெற்ற அப்படம் 2012இல் புதுப்பிக்கப்பட்டு எளிதில் கிடைப்பதால், சேகரிப்பாளரின் ஆவல் சிறு நிறுவனங்களின் படங்கள்மீது திரும்பியிருக்கிறது. அமெரிக்க மௌன முழுநீளப் படங்களில் ஏறத்தாழ 14 விழுக்காடே மூல 35 மி.மீ. வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளதாக அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. வேறு சில படங்கள், வீட்டில் திரையிடுவதற்காக எடுக்கப்பட்ட 16 மி.மீ. பிரதிகளாக மட்டுமே தப்பின. ஆகவே முதலில் உங்கள் சுருளின் தலைப்பட்டையை (தொடக்கப் பகுதியை) பார்த்துப் படத்தின் பெயரை உறுதிசெய்யுங்கள். (விமானம் தரையை விட்டே கிளம்பாமல் எடுக்கப்பட்ட ‘தி ஃபிளையிங் ஏஸ்’ என்ற 1926ஆம் ஆண்டுப் படமும் போற்றப்படுகிறது, கறுப்பினத்தவருக்கு அமெரிக்க இராணுவம் விமானி வாய்ப்பை மறுத்த காலத்தில், கறுப்பின நடிகர்களை மட்டுமே கொண்டு எடுக்கப்பட்டது அது. எனக்கு அதன் துணிச்சல் பிடிக்கும்.)

வினிகர் வாடை, படச்சுருள் செய்யப்பட்டுள்ள அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் சிதைவதால் வெளிப்படும் அசிட்டிக் அமிலத்தின் வாடை. பினாங்கின் வெப்பமும் ஈரப்பதமும் அச்சிதைவை விரைவுபடுத்தும். அருகிலுள்ள சுருள்களையும் அது பாதிக்கும் என்பதால் இதைத் தனியே, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். சிதைவால் சுருங்கிய சுருளின் ஓரத் துளைகள் கிழியக்கூடும். ஆகவே புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காமல், சுருங்கிய சுருள்களைக் கையாளும் ஸ்கேனர் உள்ளவரிடம் கொடுத்து டிஜிட்டலாக்குங்கள்.